மாசிலாமணிக்கு யார் பதில் சொல்வது

போதகர் பிரசங்க பீடத்தைவிட்டு இறங்கி, வடக்குச் சுவரில் பதித்திருக்கும் கல்லை நோக்கி நடக்க ஆரம்பித்ததும் சுகிர்தத்துக்குக் கால் விட்டுப்போயிற்று. உட்கார்ந்திருக்கிறவளுக்குக் கால் எப்படி விட்டுப்போகும் என்று கேட்கிறவர்கள் பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பாதவர்கள். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. வெறும் பாதத்தைத் தரையில் தேய்த்துப் பார்த்தாள், தரை குளிர்ந்தது, சரி, கால் இருக்கிறது. மடியில் கைப்பை, கைப்பைக்குள் செல்போன். சத்தத்தை அணைத்து, அதிர மட்டும் வைத்து, அதிர்ந்தால் தெரியும்படி பையைத் தொடையோடு சேர்த்து அமுக்கிப் பிடித்திருந்தாள். முதல் கீர்த்தனை பாடும்போது ஒரு தடவை அதிர்ந்தது. பதறிப்போய்த் திறந்து பார்த்தால் ஒன்றுமில்லை, தொடைதான் துடித்திருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் மாசி பேசிவிடுவான். மாசிலாமணி என்பது ஞானஸ்நானத்தில் வைத்த பெயர், வீட்டுக்கு மாசி. வடக்கே பனிமலையில் எங்கேயோ காவல், இடத்தின் பெயரைப் பெற்ற தாய்க்கும் சொல்லக்கூடாதாம். மலையிலிருந்து கீழே இறங்கிவந்து, சிக்னல் கிடைக்கிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, "எம்மா, சாப்பிட்டியா?" என்று அவன்தான் கேட்பான், அவள் கேட்க வேண்டியதை. நேற்று சனிக்கிழமை. பேசவில்லை. ராத்திரிச் செய்தியில், எல்லையில் மோதல், நம் வீரர்கள் நான்கு பேர் வீரமரணம், பெயர் விவரம் பின்னர் என்று ஒரு பெண் நல்ல சேலை கட்டிக்கொண்டு வாசித்தாள். புருஷன் தங்கதுரை எழுந்து போய் டிவியை அணைத்தார். "சிக்னல் இருந்திருக்காதுளா. படு" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வீடே இடிந்துவிழுகிற மாதிரிக் குறட்டை விடுகிற மனுஷன் விடியும்வரை ஒரு சத்தமும் காட்டவில்லை. காலையில் கோயிலுக்கு வரச்சொன்னால் காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருக்கிறதாம். காய்ச்சலும் இல்லை, மண்ணும் இல்லை. டிவிக்கு முன்னால் உட்கார வேண்டும், அவ்வளவுதான். அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, அவளுக்கும் உட்கார வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் இன்றைக்கு என்று பார்த்துக் கல்லை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமையாக வந்து தொலைத்திருக்கிறது.

நவம்பரில் வரும் இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் சாந்தவிளைக் கோயிலில் கல்லை வாசிப்பார்கள். நூறு வருஷத்துக்கு முந்தின பெரிய யுத்தத்துக்கு இந்த ஊரிலிருந்து கப்பலேறிப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள். மேலே இங்கிலீஷ், கீழே தமிழ். வருஷா வருஷம் எழுத்துக்குள் கறுப்புப் பூசுவார்கள். பெயரை வாசித்ததும் அந்த வீட்டிலிருந்து ஒருவர் எழுந்து "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். வேறெந்தக் கோயிலிலும் இப்படி ஒரு வழக்கம் இருப்பதாகச் சுகிர்தம் கேள்விப்பட்டதில்லை. முதல் வருஷம் வாசித்தவர் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாராம், கல்லில் இருக்கிற அத்தனை பேரும் அவரிடம் படித்த பையன்களாம். வகுப்பில் வாசித்த அதே ராகத்தில் வாசித்துவிட்டாராம். ஒரு தாய் பொறுக்கமாட்டாமல் எழுந்து, மகனுக்குப் பதிலாக உள்ளேன் ஐயா என்றுவிட்டாளாம். அன்றிலிருந்து இப்படி. வீட்டில் ஆளில்லாமல் போனால், எல்லோரும் பம்பாய்க்கும் துபாய்க்கும் போய்விட்டால், பதில் வராது. போதகர் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பார். பிறகு வாசல் பக்கம் கயிற்றைப் பிடித்து நிற்கிற யோபு ஒரே ஒரு அடி மணி அடிப்பான். சாவுக்கு அடிக்கிறதும் அந்த மணிதான். தன் வீட்டுப் பெயருக்கு அந்த ஒற்றை அடியை விழவிட யாருக்கும் மனசு வராது, அதற்கென்றே தூத்துக்குடியிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் உண்டு. கல் முடிந்த பிறகு, இப்போது பட்டாளத்தில் இருக்கிற சபைப் பிள்ளைகளின் பெயர்களைத் தாளில் பார்த்து வாசித்து ஜெபம் பண்ணுவார்கள். அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. உயிரோடிருக்கிறவர்களுக்கு எதற்குப் பதில்.

"வேதக்கண்" என்றார் போதகர். முன்வரிசையில் கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து உள்ளேன் ஐயா என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்யாண வீட்டில் மொய் எழுத வந்தவர் பேர் சொல்கிற மாதிரி. இந்தப் போதகர் மே மாதம்தான் மாற்றலாகி வந்தார். நல்ல மனுஷர், ஒழுங்குக்காரர். ஆராதனை சொன்ன நேரத்துக்கு முடிந்துவிடும். எதையும் இரண்டு தடவை சொல்வது அவருக்கு ஆகாது. கர்த்தருடைய ஜெபத்தை ஒரே ஆராதனையில் இரண்டு தடவை எதற்குச் சொல்ல வேண்டும், கேட்கிறவருக்குக் காது நன்றாகத்தான் கேட்கும் என்று ஒன்றைக் குறைத்துவிட்டார். பெண்களெல்லாம் சிரித்தார்கள், சுகிர்தமும்தான் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போது எங்கே போயிற்று. "யோசுவா." ஒரு சின்னப் பெண் எழுந்து சொன்னாள். இவ்வளவுதானே, எழுந்து இரண்டு வார்த்தை. மாசி அரைக்கால் சட்டை போட்ட வயசிலேயே சொல்லியிருக்கிறான். கல்லில் கடைசிப் பெயர் மாசிலாமணி. அந்த மாசிலாமணியின் பேரன் மாசிலாமணி, அவர் சுகிர்தத்தின் மாமனார். மாமனாருக்குப் பேரன் மாசிலாமணி, அவள் பெற்றது. வழக்கம் அப்படி, தாத்தா பெயரைத்தான் வைக்க வேண்டும், யாரும் யோசித்து வைக்கிறதில்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கையில் வாங்கிய மாமனார், "வாடே மாசிலாமணி" என்றார், தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்கிற மாதிரி, அதோடு பெயர் வைத்து முடிந்தது. மயக்கம் தெளியாமல் படுத்துக்கிடந்த சுகிர்தத்துக்கு அன்றைக்கே என்னவோ செய்தது. கல்லில் இருக்கிற பெயராயிற்றே மாமா என்று சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஜெபராஜ் என்றோ ஜான்சன் என்றோ வைத்திருக்கலாம், எத்தனை பெயர் கிடக்கிறது உலகத்தில். பெயரில் என்ன இருக்கிறது என்று தங்கதுரை சொல்வார். ஒன்றும் இல்லையென்றால் அதை எதற்குக் கல்லில் வெட்டினார்கள்.

"ஞானசிகாமணி." பதில் வந்தது. யார் சொன்னார்கள் என்று பார்க்கவில்லை. பையைத் திறந்து பார்க்கலாமா, வேண்டாம், திறந்து பார்த்தால் வராது. திறக்காமல் இருந்தால் வருமா. காலையில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது தேவகிருபை பிடித்துக்கொண்டாள். தேவகிருபையின் மகன் ஜெயசிங்கும் பட்டாளம்தான், மாசி இருக்கிற மலைக்குப் பக்கத்து மலை என்பார்கள். "என்ன சுகிர்தம், மவன் பேசினானா?" என்றாள். "பேசினாம்க்கா. நல்லாருக்கான். உங்க மவன்?" "பேசினான், பேசினான். அவனுக்கென்ன, ராசா மாதிரி இருக்கான்" என்று சொல்லிவிட்டு, தேவகிருபை கழற்றின செருப்பை ஜோடியாகச் சேர்த்து வைத்தாள், பிறகு மறுபடியும் சேர்த்து வைத்தாள். ஏன் அப்படிச் சொன்னேன் என்று சுகிர்தம் இப்போது தன்னையே கேட்டுக்கொண்டாள். கோயில் வாசலில் நின்றுகொண்டு, பேசாத பிள்ளையைப் பேசினான் என்றவளுக்கு என்ன கிடைக்கும். இனிமேல் அவன் பேசவே வேண்டாம் என்று ஆகிவிட்டால். அதெல்லாம் இல்லை, கர்த்தர் அப்படிப்பட்டவர் இல்லை. நான்கு பேர் என்று டிவியில் சொன்னாளே, அந்த நான்கு பேருக்கும் தாய் இல்லையா, அவர்கள் என்ன பொய் சொன்னார்கள். அவர்கள் வீட்டிலும் டிவி ஓடியிருக்கும். பெயர் விவரம் பின்னர். பின்னர் என்றால் எப்போது. வீட்டுக்கு முதலில் சொல்லிவிட்டுத்தான் டிவிக்காரனுக்குச் சொல்வார்களாம், ஜீப்பில் வருவார்களாம், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார்களாம். தெருவில் இப்போது ஜீப் நின்றுகொண்டிருந்தால். தங்கதுரை எழுந்து கதவைத் திறந்தால். சட்டைகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாரே.

"அருமைநாயகம்" என்று வாசித்தார், யாரும் எழவில்லை. அந்த வீட்டில் கடைசியாக இருந்த பெரியவரைப் போன வருஷம்தான் மகள் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போதகர் பொறுத்தார். மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மணி, ஒரே அடி. அடித்து முடிந்த பிறகும் பெஞ்சுக் கட்டைக்குள் அது முனகிக்கொண்டிருந்தது. இதைத்தான் மாசி சொன்னான். இரண்டு வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை, இல்லை, நேற்றைக்கு முந்தின சனிக்கிழமைதான், அதற்குப் பிறகு குரலே கேட்கவில்லையே. "எம்மா, இந்த வருசம் லீவு கிடைக்கல. நீ எழும்பிச் சொல்லிரு. மணி அடிக்க விட்றாத, என்ன?" என்றான். சரி மக்கா என்றாள். பாசிப்பயறு வறுத்துக்கொண்டிருந்தாள் அப்போது, கருகிவிடப் போகிறது என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சரி மக்கா என்றாள், அடுப்பைப் பார்க்காமல் அவன் குரலைக் கேட்டிருக்கலாம். இப்போது எழுந்து சொல்ல வேண்டும். என்ன சொல்ல வேண்டும்? மாசிலாமணி என்று கூப்பிடுவார், செத்தவர்களை வாசிக்கிற வரிசையில் கூப்பிடுவார், அதற்கு அவள் எழுந்து ஆமாம், இந்த வரிசையில் உள்ளவன்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மாசியே எழுந்து சொன்னபோது அது விளையாட்டு மாதிரி இருந்தது, கண்முன்னால் நிற்கிறான், சட்டைப் பொத்தான் தெறிக்கிற மாதிரி வளர்ந்து நிற்கிறான், யார் அவனைச் செத்தவன் என்பார்கள். அவன் இல்லாத இடத்தில் அவனைப் பெற்றவள் எழுந்து அதைச் சொன்னால் அது வேறே. கருமாதி வீட்டில் பேசுகிற பேச்சு. சொல்லாமல் இருந்தால்? சொல்லாமல் இருந்தால் மணி. மாசிலாமணிக்கு மணி. சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு.

"சாலமோன்." உள்ளேன் ஐயா. கல்லில் இருக்கிற மாசிலாமணிக்கு என்ன ஆயிற்று என்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அரபு தேசத்துப் பக்கம் பசரா என்பார்கள், வயிற்றுப்போக்கில் போனார் என்றும் சொல்வார்கள், குண்டு பட்டது என்றும் சொல்வார்கள். போட்டோ கிடையாது. போட்டோ இல்லாததனால் அவர் முகம் எப்படியிருக்கும் என்று நினைத்தால் மாசியின் முகம்தான் வருகிறது, அவளுக்கு அது எப்போதுமே பிடிக்காது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பூங்காவில் நகராட்சிக்காரர்கள் புதிதாக ஒரு கல்தூண் நட்டிருக்கிறார்களே, கறுப்புக் கல்லில், அதுவும் அவளுக்குப் பிடிக்காது. சுற்றிலும் செம்பருத்தி, ஒரு சறுக்குமரம், ஐஸ் வண்டி, நடுவில் அது. நம் வட்டாரத்தில் சண்டையில் செத்த பையன்களின் பெயர்களை மேலே வெட்டியிருக்கிறார்கள். கீழே பாதித் தூண் சும்மா கிடக்கிறது, முகம் தெரிகிற மாதிரித் தேய்த்து மினுமினு என்று. எதற்கு அவ்வளவு இடத்தை விட்டிருக்கிறான்கள் பாவிகள்? மேலே எழுதினதோடு கல்லை வெட்டி நிறுத்த அவன்களுக்குக் கை வராதா? போன லீவில் மாசி அதற்கு முன்னால் நின்று, அந்தச் சும்மா கிடக்கிற இடத்தில் முகம் பார்த்துத் தலைவாரினான். "கீழ இன்னும் எடம் நெறையக் கெடக்கும்மா" என்று சிரித்தான். அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வலிக்கிற மாதிரிதான் வைத்தாள். அவன் விடாமல் அந்தக் கல்லில் தெரிகிற முகத்தைப் போட்டோ எடுத்து அவள் போனிலேயே போட்டுவிட்டுப் போனான். அழித்துவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை எடுத்தாள். அழிக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். அதுவும் இந்தப் பைக்குள்தான் இருக்கிறது, தொடையோடு ஒட்டிக்கொண்டு.

"தேவசித்தம்." பதில் வந்தது. அடுத்தது அதுதான். முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டும், கையை வைத்துவிட்டாள், கை இருக்கிறது, இனி கால். போதகர் கல்லுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே குனிந்தார். கீழ் எழுத்தில் கறுப்பு சரியாகப் பிடிக்கவில்லை போல. "மாசிலாமணி" என்றார். எவ்வளவு நன்றாக உச்சரித்தார். சுகிர்தம் எழுந்துவிட்டதாகத்தான் நினைத்தாள். எழவில்லை. எழுந்து, உள்ளேன் ஐயா என்று சொல்லி, உட்கார்ந்தும் விட்டாள் மனசுக்குள், ஆனால் பெஞ்சில் அப்படியேதான் இருந்தாள், பக்கத்துப் பெண் முழங்கையால் இடித்தாள், "எக்கா, ஒங்க வீடு" என்றாள். தெரியும்மா, எங்கள் வீடுதான், எனக்குத் தெரியாதா. வாசலில் யோபு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பாவம், அவன் கயிற்றை இழுக்கவில்லை. அவனும் மாசியும் கோயில் முற்றத்தில் பந்து விளையாடினவர்கள். போதகர் திரும்பி அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சொல், இப்போதாவது சொல், மணி அடிக்க விட்றாத என்றானே, வாயைத் திற. திறந்தாள், காற்றுத்தான் வந்தது. மணி அடித்தது. வயிற்றில் அடித்தது, பல்லில் அடித்தது. ஒரே அடிதான் என்று தெரியும், ஆனாலும் இன்னொன்று வருமோ என்று உடம்பெல்லாம் காத்திருந்தது. முடிந்தது. பிள்ளை கேட்டது ஒன்றே ஒன்று, அதைக்கூடச் செய்து கொடுக்க முடியாதவள் தாயா?

போதகர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து விரித்தார். சுகிர்தம் அந்தத் தாளைப் பார்த்த பார்வையில் அது பற்றிக்கொள்ளாதது ஆச்சரியம். சரி, சரி, இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. உயிரோடிருக்கிறவர்களின் வரிசை. இதில் வரும். அது தாத்தாவுக்குத் தாத்தாவுக்கு அடித்த மணி, இது பிள்ளைக்கு. இதில் வாசித்தால் அது அழிந்துவிடும், தப்பாகப் போட்ட கணக்கைச் சிலேட்டில் எச்சில் தொட்டு அழிக்கிற மாதிரி. "ஜெயசிங்." தேவகிருபையின் மகன். பின்பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு. "ஸ்டீபன்." வரும். "பொன்சிங்." போன வருஷம் பொன்சிங்குக்கு அடுத்ததுதான் மாசிலாமணி, தெரு வரிசையில் எழுதுவார்கள், அவர்கள் வீடு தாண்டினால் நம் வீடு. "இம்மானுவேல்." இம்மானுவேல் கீழத்தெரு. அதெப்படி, பொன்சிங்குக்கு அடுத்து இம்மானுவேல் எப்படி வருவான், நடுவில் ஒரு வீடு இருக்கிறதே, பச்சைக் கேட்டு போட்ட வீடு, முருங்கை நிற்கிற வீடு. புதுப் போதகர், வரிசை மாறியிருக்கும். கடைசியில் வரும். "ராபர்ட்" என்று வாசித்து, போதகர் தாளை மடித்தார். மடித்தேவிட்டார். அப்படியானால் இவருக்குத் தெரிந்துவிட்டது. ஜீப்பில் வந்தவர்கள் நேரே இங்கே வந்து சொல்லியிருக்கிறார்கள், ஆராதனை முடியட்டும் என்று வைத்திருக்கிறார், ஒழுங்குக்காரர் அல்லவா. செத்தவர் வரிசையில் வாசித்தாயிற்று, மணியும் அடித்தாயிற்று, பிறகெதற்கு உயிரோடிருக்கிறவர் வரிசையில். "ஜெபம் பண்ணுவோம்" என்றார் போதகர். கோயிலில் இருந்த அத்தனை தலையும் குனிந்தது. சுகிர்தம் எழுந்து நின்றாள்.

எப்படி எழுந்தாள் என்று பிற்பாடு கேட்டாலும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. வேண்டும் என்கிறபோது வராத கால் இப்போது வந்து நின்றது. "ஐயா" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. யாருக்கும் கேட்கவில்லை. "ஐயா!" என்றாள் மறுபடியும், தெருவில் மாடு மறிக்கிறவள் மாதிரி.

போதகர் கண்ணைத் திறந்தார். "என்னம்மா?"

"ஒரு பேரு விட்டுப்போச்சு."

"யார் பேரும்மா?"

"மாசிலாமணி."

அவர் தாளை மறுபடி விரித்துப் பார்த்தார். முகம் தெளிந்தது. "விடலம்மா. அங்கேயே வாசிச்சாச்சே. கல்லுலயும் தாள்லயும் அதே பேரு இருந்தது. தெரியாம ரெண்டு தடவை எழுதிட்டாங்கன்னு இதுல நான் அடிச்சிட்டேன்" என்றார், தப்பைத் திருத்தினவர் சொல்கிற மாதிரி, அன்பாகத்தான் சொன்னார்.

அடித்திருக்கிறார். பேனாவை எடுத்து, ஒரு கோடு போட்டு. ஜீப் வரவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சுகிர்தத்துக்குச் சிரிப்பு மாதிரி என்னவோ வந்தது, அழுகை மாதிரியும் வந்தது, இரண்டையும் விழுங்கினாள். ஜீப் வரவில்லை என்றால் வராது என்று அர்த்தமில்லை. அந்தப் பயம் எங்கேயும் போகவில்லை. ஆனால் அந்தக் கோட்டை அங்கே இருக்க விடமுடியாது.

"அது கல்லுல உள்ள பாட்டா ஐயா. இது எம் மவன்" என்றாள். "எம் மவன் இருக்கான்." இருக்கான் என்று தன் வாய் சொன்னதைத் தன் காதாலேயே கேட்டாள். உனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று சுற்றிலும் பார்த்தாள். ஒருவரும் கேட்கவில்லை. "வாசிங்க ஐயா."

போதகரின் முகம் செத்துப்போயிற்று. என்ன செய்திருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. தாளை முகத்துக்கு நேரே தூக்கி, தான் போட்ட கோட்டுக்கு அடியிலிருந்து எழுத்துக்கூட்டுகிறவர் போல வாசித்தார். "மாசிலாமணி."

"உள்ளேன் ஐயா" என்றாள் சுகிர்தம். இந்த வரிசைக்கு யாரும் பதில் சொல்கிற வழக்கமில்லை. சொன்னாள். அவன் சொல்கிற மாதிரியே, கடைசி எழுத்தைக் கொஞ்சம் நீட்டி, ஜன்னல் கண்ணாடி அதிரும்படி சொன்னாள். வாசலில் யோபு மணிக்கயிற்றைக் கையிலிருந்து விட்டான். அது சுவரில் உரசி ஆடியது.

உட்காரலாம் என்றுதான் போதகர் கையைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. அதற்குள் பின்பக்கம் பெஞ்சு கிரீச்சிட்டது. தேவகிருபை எழுந்து நின்றுகொண்டிருந்தாள். "ஐயா, எம் மவன் பேரையும் இன்னொருக்கா வாசிங்க" என்றாள். ராசா மாதிரி இருக்கான் என்று காலையில் சொன்ன அதே வாய், இப்போது ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. சுகிர்தம் திரும்பிப் பார்த்தாள். தேவகிருபையும் கைப்பையை இரண்டு கையாலும் தொடையோடு சேர்த்து அமுக்கிப் பிடித்திருந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ராபர்ட்டின் அப்பா எழுந்தார். பொன்சிங்கின் பெண்டாட்டி கைப்பிள்ளையோடு எழுந்தாள். எதையும் இரண்டு தடவை சொல்லாத போதகர் தாளை முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார், ஒவ்வொரு பெயராக நிறுத்தி, பதில் வரும்வரை அடுத்ததற்குப் போகாமல். பதில் சொன்னவர்கள் யாரும் உட்காரவில்லை. சுகிர்தம் நின்றுகொண்டே இருந்தாள். பை அதிரவில்லை.